கொசுறுக்காகக் காய் வாங்கலாமா? மைல்ஸ், பாயின்ட்ஸ், கோல்டு மெம்பர்ஷிப்: ஒரு ஆடிட்டர் கணக்கு



காய்கறிக் கடையில் எல்லாம் வாங்கி முடிச்சு காசு கொடுக்கும்போது, கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் பையில் போடுவார். அதுக்குப் பேர் கொசுறு. நமக்கு ஒரு சந்தோஷம். அவருக்கு, அடுத்த வாரமும் நாம அதே கடைக்குத்தான் வருவோம் என்ற நம்பிக்கை. ஆனா கறிவேப்பிலை கிடைக்குதேன்னு தேவையில்லாம ரெண்டு கிலோ கத்திரிக்காய் வாங்குறவங்க யாரும் இல்ல.

அதே நாம, கிரெடிட் கார்டு பாயின்ட்ஸ், ஏர்லைன் மைல்ஸ், ஹோட்டல் ரிவார்ட்ஸ்னு வந்துட்டா மட்டும் அந்தக் கத்திரிக்காயை வாங்கிடுறோம். "இந்த மாசம் இன்னும் 18,000 ரூபாய் செலவு பண்ணா போனஸ் பாயின்ட் வரும்" என்று ஆப் சொன்னதும், போன் மாத்தணும்னு திடீர்னு தோணுது.

நம்ம சேனலில் அடிக்கடி வர்ற கேள்வி: "சார், ஃப்ரீயா ஃப்ளைட்ல போக எந்த கார்டு பெஸ்ட்?" அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்த ஃப்ரீ டிக்கெட்டுக்கு யார் காசு கொடுக்கிறாங்க? ஆடிட் வேலைக்காக மாசத்தில் பாதி நாள் விமானத்திலும் ஹோட்டலிலும் கழிக்கிறவன் என்ற முறையிலும், கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டை உள்ளே இருந்து பார்க்கிறவன் என்ற முறையிலும் இதை எழுதுறேன்.

இது எப்படி ஆரம்பிச்சது?

1978-ல் அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதுவரைக்கும் எந்த ஏர்லைனில் போனாலும் டிக்கெட் விலை ஏறக்குறைய ஒண்ணுதான். கட்டுப்பாடு போனதும் விலைப் போட்டி ஆரம்பம். எவன் 10 டாலர் குறைச்சுக் கொடுக்கிறானோ அவன்கிட்ட பயணி ஓடுவான். அவனை எப்படிப் பிடிச்சு வைக்கிறது? 1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. எங்ககூட பறந்த மைல்களைச் சேர்த்து வையுங்க, போதுமான அளவு வந்ததும் இலவச டிக்கெட் தர்றோம். சில நாட்களிலேயே யுனைடெட் ஏர்லைன்ஸும் அதே மாதிரி ஒரு திட்டத்தோடு வந்துடுச்சு. 1983-ல் ஹோட்டல் கம்பெனிகளும் சேர்ந்துக்கிட்டாங்க.

ஆரம்பத்தில் எவ்வளவு தூரம் பறந்தீங்களோ அவ்வளவு மைல். அப்புறம் கணக்கை மாத்தினாங்க. 2015-ல் டெல்டா ஏர்லைன்ஸ், தூரத்தை விட்டுட்டு டிக்கெட்டுக்கு நீங்க கொடுத்த காசுக்கு ஏத்த மாதிரி மைல்ஸ் கொடுக்க ஆரம்பிச்சது. ஏர் இந்தியாவும் 2024-ல் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. இதோட அர்த்தம் என்னன்னா, தள்ளுபடி விலையில் டிக்கெட் தேடிப் பிடிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் பாயின்ட். கடைசி நேரத்தில் கம்பெனி காசில் முழு விலைக்கு வாங்குறவருக்கு நிறைய பாயின்ட். ரெண்டு பேரும் உட்கார்ந்து வர்றது பக்கத்துப் பக்கத்து சீட்டில்.

நம்ம ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கு. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேலே வச்சிருக்கிற இண்டிகோ, 2006-லிருந்து பறக்குது. ஆனா 'ப்ளூசிப்' என்ற முழுமையான லாயல்டி திட்டத்தைக் கொண்டு வந்தது 2024-ல்தான். காரணம் எளிது. மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கிளம்புறவருக்கு நேரமும் விலையும் பார்த்தா பெரும்பாலும் வேற வழி கிடையாது. வேற கடையே இல்லாத தெருவில் யாராவது கொசுறு போடுவாங்களா?

பாயின்ட்ஸ் வியாபாரம்: உங்களுக்குத் தெரியாத பாதி

ஏர்லைன் உங்களுக்கு மைல்ஸை இலவசமாகக் கொடுக்குதுன்னு நினைக்கிறோம். உண்மையில் ஏர்லைன் மைல்ஸை பேங்குக்கு விக்குது. பேங்க் அதைக் காசு கொடுத்து வாங்கி, கார்டு தேய்க்கிற உங்களுக்குக் கொடுக்குது. பேங்குக்கு அந்தக் காசு எங்கிருந்து வருது? கடைக்காரர்கிட்ட எடுக்கிற கமிஷன், உங்க வருடாந்திரக் கட்டணம், பில்லை முழுசா கட்டாதவங்க கொடுக்கிற வட்டி. மூணாவதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவோம்.

இந்த வியாபாரம் எவ்வளவு பெருசுன்னு கொரோனா காலத்தில்தான் வெளியில் தெரிஞ்சது. 2020-ல் விமானம் எல்லாம் தரையில் நிக்குது, வருமானம் இல்ல. யுனைடெட் தன்னோட மைலேஜ் திட்டத்தையே அடமானமா வச்சு 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா அதே மாதிரி 900 கோடி டாலர். அப்போ யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்துக்கு மட்டும் போட்ட மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர். பங்குச் சந்தையில் அந்த மொத்தக் கம்பெனியின் மதிப்பே அன்னிக்கு அதைவிடக் குறைவு! விமானத்தைவிட பாயின்ட்டுக்கு மதிப்பு அதிகம்னு கடன் கொடுத்தவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி.

இப்போ கொஞ்சம் அக்கவுண்டிங். பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம். 2018 ஏப்ரல் முதல் நம்ம பெரிய கம்பெனிகளுக்கு 'இண்ட் ஏஎஸ் 115' என்ற கணக்கு விதி இருக்கு. நீங்க 10,000 ரூபாய்க்கு டிக்கெட் வாங்குறீங்க, கூடவே 500 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் தர்றாங்கன்னு வச்சுக்கோங்க. அந்த 10,000 முழுசையும் கம்பெனி உடனே வருமானமா காட்ட முடியாது. பாயின்ட்டுக்கு உரிய பங்கை, சுமாரா 480 ரூபாயை, தனியா எடுத்து பொறுப்புப் பக்கம் வைக்கணும். நீங்க பாயின்ட்டைப் பயன்படுத்தும்போதுதான் அது வருமானமா மாறும்.

எல்லாரும் பயன்படுத்துவாங்களா? மாட்டாங்க. எத்தனை பேர் மறந்துடுவாங்க, எத்தனை பாயின்ட் காலாவதி ஆகும்னு பழைய புள்ளிவிவரத்தை வச்சு கம்பெனி முன்கூட்டியே மதிப்பிடும். அந்த மறதிக்கு அக்கவுண்டிங்கில் 'பிரேக்கேஜ்'னு ஒரு பேரே இருக்கு. அதாவது, நீங்க மறக்கப் போறது ஏற்கனவே கணக்கில் ஏறியாச்சு. உங்க மறதி அவங்க லாபம்.

பாயின்ட்ஸ் உங்க பணம் கிடையாது

ஊர்ப்பக்கம் தீபாவளிச் சீட்டு தெரியும்ல? மாசாமாசம் காசு கட்டினா தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, பாத்திரம் எல்லாம் வீட்டுக்கு வரும். நடத்துறவர் நல்லவரா இருக்கிறவரைக்கும் நல்ல ஏற்பாடு. பாயின்ட்ஸும் அந்த மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே தீபாவளிக்கு என்ன தருவோம் என்பதை நடத்துறவர் நடுவில் மாத்திக்கலாம். விதிமுறையில் நீங்களே அதுக்கு 'சம்மதம்' டிக் பண்ணியிருப்பீங்க.

நடந்த உதாரணங்கள் சிலது பார்க்கலாம்.

*மதிப்பைக் குறைக்கிறது:* ஆக்சிஸ் பேங்கின் மேக்னஸ் கார்டு ஒரு காலத்தில் பயணிகளின் செல்லப் பிள்ளை. மாசம் 1 லட்சம் செலவு பண்ணா 25,000 பாயின்ட் போனஸ். 5 பாயின்ட் கொடுத்தா 4 ஏர்லைன் மைல். 2023 செப்டம்பர் 1 முதல் அந்த மாத போனஸ் போச்சு. 5 பாயின்ட்டுக்கு 4 மைல் என்பது 2 மைல் ஆச்சு. வருடாந்திரக் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ரூபாய் ஆச்சு. அப்பா ரிட்டையர் ஆனதும் அப்பா அம்மாவை வெளிநாடு கூட்டிட்டுப் போகலாம்னு ஒருத்தர் 2 லட்சம் பாயின்ட் சேர்த்து வச்சிருந்தார்னு நினைச்சுக்கோங்க. ஆகஸ்ட் 31 அன்னிக்கு அது 1,60,000 மைல். மறுநாள் காலையில் 80,000 மைல். பேங்கில் ஃபிக்சட் டெபாசிட் இப்படி ஒரே ராத்திரியில் பாதியானா ஊரே கொந்தளிக்கும். பாயின்ட்டுக்கு யாரும் எதுவும் கேட்க முடியாது.

*விலையை ஏத்துறது:* மேரியட் ஹோட்டல் குழுமம் 2022-ல், எந்த ஹோட்டலுக்கு எவ்வளவு பாயின்ட் என்ற நிலையான பட்டியலை எடுத்துட்டு, தேவைக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குற விலைக்கு மாறிச்சு. நம்ம ஊர் ஆம்னி பஸ் தீபாவளி ரேட் மாதிரி.

*கடையையே மூடுறது:* கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்னுபோச்சு. அதில் சேர்த்த மைல்ஸும் கூடவே போச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்னப்போ மட்டும் பாயின்ட்ஸ் தப்பிச்சது. ஏன்னா அந்த லாயல்டி திட்டத்தை நடத்தினது தனி கம்பெனி. அதில் பெரும்பான்மைப் பங்கு எதிஹாத் கையில் இருந்தது. பிறகு 'இன்டர்மைல்ஸ்'னு பேர் மாத்தி வேற இடங்களில் பயன்படுத்த விட்டாங்க. 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைஞ்சப்போ, கிளப் விஸ்தாரா பாயின்ட்ஸ் 'மகாராஜா கிளப்'புக்கு மாறிச்சு. பாயின்ட் பிழைக்குமா பிழைக்காதா என்பது அதை யார் நடத்துறாங்க என்பதைப் பொறுத்தது. எவ்வளவு விசுவாசமா பறந்தீங்க என்பதைப் பொறுத்தது அல்ல.

*உங்களையே வெளியே அனுப்புறது:* அமெரிக்காவில் ஒரு பயணி ரொம்பப் புகார் பண்றார்னு நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் அவரோட உயர்நிலை மெம்பர்ஷிப்பை ரத்து பண்ணிச்சு. அவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2014-ல் தீர்ப்பு ஏர்லைன் பக்கம்தான் வந்தது.

இன்னொண்ணு. பேங்க் கணக்கு, பி.எஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துக்கும் நாமினி போடுறோம். பல லாயல்டி திட்டங்களில் மெம்பர் இறந்துட்டா பாயின்ட்ஸும் முடிஞ்சது. குடும்பத்துக்கு மாத்த வழி இருக்கிற இடத்திலும் அது அவங்க விருப்பம்தான், நம்ம உரிமை அல்ல. அதனால பாயின்ட்டை சேமிப்புன்னு நினைக்காதீங்க. தயிர்னு நினைங்க, இருக்கும்போதே சாப்பிடணும்.

ஒரு பாயின்ட் எத்தனை காசு?

பாயின்ட் கணக்குக்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்:

(காசு கொடுத்து வாங்கினா ஆகிற மொத்த விலை – பாயின்ட்டில் வாங்கும்போதும் கையிலிருந்து கட்டுற வரி, கட்டணம்) ÷ தேவைப்படும் பாயின்ட்ஸ்

கணக்குக்காக சில எண்களை எடுத்துக்கலாம். சென்னை – டெல்லி டிக்கெட் 7,200 ரூபாய். பாயின்ட்டில் 9,000 பாயின்ட் + 1,200 ரூபாய். அப்போ (7,200 – 1,200) ÷ 9,000 = ஒரு பாயின்ட் 67 காசு. அதே பாயின்ட்டை கேட்டலாக்கில் மிக்ஸி, ஹாட்பேக் வாங்க மாத்தினா பல நேரம் 20, 25 காசுகூட தேறாது.

ஹோட்டலில் கணக்கு போடும்போது ஜி.எஸ்.டி-யையும் சேர்க்க மறக்காதீங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேலே 18 சதவீதம். 8,000 ரூபாய் அறை உண்மையில் 9,440 ரூபாய். அதுக்கு 16,000 பாயின்ட் கேட்டா ஒரு பாயின்ட் 59 காசு.

சில திட்டங்களில் இந்தத் தலைவலியே கிடையாது. அக்கோர் ஹோட்டல்களில் 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ. டாடா நியூவில் ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். பெரிய அதிர்ஷ்டமும் இல்ல, பெரிய ஏமாற்றமும் இல்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது நல்லது.

இப்போ எல்லாரும் வாயைப் பிளக்கிற பிசினஸ் கிளாஸ் கணக்கு. "ஒன்றரை லட்சம் ரூபாய் டிக்கெட்டை வெறும் 60,000 மைலில் வாங்கினேன், வரி 18,000தான்!" சூத்திரத்தில் போட்டா 1,32,000 ÷ 60,000 = 2 ரூபாய் 20 காசு. பிரமாதம்!

ஒரு நிமிஷம். மைல்ஸ் இல்லாட்டி அந்த ஒன்றரை லட்சத்தைக் கையிலிருந்து கொடுத்திருப்பீங்களா? 40,000 ரூபாய்க்கு எகானமி எடுத்திருப்பீங்க. அப்போ நீங்க மிச்சம் பிடிச்சது 40,000 – 18,000 = 22,000 ரூபாய்தான். அதை 60,000-ஆல் வகுத்தா ஒரு மைல் 37 காசு. கால் நீட்டிப் படுத்துக்கிட்டுப் போன சுகத்துக்கு விலை உண்டு, மறுக்கல. ஆனா அதை 'சேமிப்பு'ன்னு எக்செல் ஷீட்டில் எழுதாதீங்க. ஆடித் தள்ளுபடியில் 10,000 ரூபாய் புடவையை 6,000-க்கு வாங்கிட்டு "4,000 சம்பாதிச்சேன்"னு சொல்ற மாதிரி ஆகிடும்.

கார்டுக்குக் கட்டுற கட்டணத்தையும் கழிங்க. வருஷம் 10,000 ரூபாய் கட்டணம்னா ஜி.எஸ்.டி-யோடு 11,800. நீங்க வருஷத்துக்கு 6 லட்சம் செலவு பண்றீங்க, 100 ரூபாய்க்கு 4 பாயின்ட், மொத்தம் 24,000 பாயின்ட். பாயின்ட் 60 காசுன்னா 14,400 ரூபாய். கட்டணம் போக மிச்சம் 2,600. அதே 6 லட்சத்தை கட்டணமே இல்லாத, 1 சதவீதம் கேஷ்பேக் தர்ற சாதா கார்டில் செலவு பண்ணியிருந்தா 6,000 ரூபாய், எந்த விதிமுறையும் இல்லாம கையில். நிறைய பேருக்கு இதுதான் உண்மையான பதில்.

வட்டிதான் வில்லன்

எங்க ஆபீஸுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி. வயசு 27, ஓ.எம்.ஆர் பக்கம் வேலை, கைக்கு 70,000 சம்பளம், மூணு கிரெடிட் கார்டு. "சார், 1 லட்சத்து 10 ஆயிரம் பாயின்ட் வச்சிருக்கேன்"னு ஆப்பைத் திறந்து காட்டினார். பக்கத்து டேபில் நிலுவைத் தொகை 1,80,000 ரூபாய். அஞ்சு மாசமா மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு, மறுபடி மறுபடி தேய்ச்சுட்டு வர்றார்.

அவர் முன்னாடியே கணக்கு போட்டோம். வட்டி மாசம் 3.5 சதவீதம், அதாவது 6,300 ரூபாய். அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி 1,134. மொத்தம் மாசம் 7,434. வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே அஞ்சு மாசத்துக்கு 37,170 ரூபாய். அவரோட மொத்த பாயின்ட்டையும் 30 காசுன்னு போட்டாகூட 33,000தான். வருஷக்கணக்கா சேர்த்த கொசுறை அஞ்சு மாச வட்டி முழுங்கிடுச்சு.

அன்னிக்கே பாயின்ட்டை எல்லாம் பில்லில் கழிக்கச் சொன்னேன். மிச்சத்துக்கு குறைஞ்ச வட்டியில் ஒரு பர்சனல் லோன் எடுத்து கார்டை அடைக்கச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், அந்தப் பாயின்ட்டில் அக்காவைப் பார்க்க சிங்கப்பூர் போக நினைச்சிருந்தார். ஆனா அந்த டிக்கெட்டுக்கு அவர் ஏற்கனவே வட்டியா காசு கட்டி முடிச்சிருந்தார், பறக்காமலேயே.

முன்னாடி சொன்னேன்ல, பாயின்ட்டுக்கான காசு எங்கிருந்து வருதுன்னு? பில்லை முழுசா கட்டுறவர் லாஞ்சில் தோசை சாப்பிடுறார். மினிமம் டியூ கட்டுறவர் அந்த தோசைக்கு பில் கட்டுறார். நீங்க எந்தப் பக்கம்னு இந்த மாச ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா தெரிஞ்சிடும்.

லாஞ்ச் பத்தியும் ஒரு வார்த்தை. ஐசிஐசிஐ பேங்க் 2024 ஏப்ரல் முதல் தன்னோட பல கார்டுகளுக்கு, முந்தின காலாண்டில் 35,000 ரூபாய் செலவு பண்ணியிருந்தாத்தான் லாஞ்ச் என்று மாத்திச்சு. மத்த பேங்குகளும் அந்த வழியில் போயிட்டு இருக்காங்க. இயல்பா செலவு ஆகுதுன்னா சரி. கணக்கை நிரப்ப 8,000 ரூபாய்க்கு ஷூ வாங்கி, ஏர்போர்ட்டில் 400 ரூபாய் இட்லி காபியை மிச்சம் பிடிக்கிறதுக்குப் பேர் சிக்கனம் இல்ல.

கோல்டு, பிளாட்டினம்: யாருக்கு உபயோகம்?

சொந்தக் காசில் வருஷத்துக்கு ரெண்டு, மூணு தடவை பறக்கிறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். ஒவ்வொரு தடவையும் எது விலை குறைவோ, எது நேரம் சரியோ அதை எடுங்க.

ஆபீஸ் வேலையா மாசம் நாலு தடவை பறக்கிறவங்களுக்கு ஸ்டேட்டஸ் உண்மையிலேயே உதவும். கூடுதல் லக்கேஜ், நீளமான வரிசையைத் தாண்டிப் போறது, ஹோட்டலில் மதியம் வரைக்கும் அறையை வச்சுக்கிறது. ராத்திரி ஃப்ளைட் பிடிக்க வேண்டிய அன்னிக்கு சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஒரு கட்டிலும் குளியலறையும் இருக்கிறது, ஆயிரம் பாயின்ட்டைவிட பெருசு. ஆனா மேரியட்டில் பிளாட்டினம் வேணும்னா வருஷத்துக்கு 50 ராத்திரி தங்கணும். வருஷத்தில் 50 ராத்திரி வீட்டில் இல்லாததுக்கு ஒரு ஆறுதல் பரிசுன்னும் இதைச் சொல்லலாம்.

ஸ்டேட்டஸை நோக்கி ஓடுறவங்க மூணு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, பரப்பாதீங்க. ஏர் இந்தியா 2014-லிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா எல்லாம் அதே கூட்டணிதான். கத்தார் ஏர்வேஸும் ஸ்ரீலங்கனும் ஒன்வேர்ல்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்ல. நீங்க அடிக்கடி போற பாதை எதுன்னு பார்த்து, ஒரு கூட்டணியில் ஒரே ஒரு திட்டத்தில் எல்லாத்தையும் சேருங்க. அஞ்சு ஆப்பில் அஞ்சாயிரம் அஞ்சாயிரமா இருக்கிற மைல்ஸ் எதுக்கும் உதவாது.

ரெண்டு, ஹோட்டலை அதோட சொந்த வெப்சைட்டிலோ ஆபீஸ் டிராவல் டெஸ்க் மூலமாகவோ பதிவு பண்ணுங்க. வெளி புக்கிங் ஆப்பில் போட்டா பெரும்பாலும் பாயின்ட்டும் கிடையாது, ராத்திரிக் கணக்கும் ஏறாது. விமானத்தில் மெம்பர்ஷிப் நம்பர் விட்டுப்போச்சுன்னா போர்டிங் பாஸை பத்திரமா வச்சு, கெடுவுக்குள்ள கேட்டு வாங்கிக்கலாம்.

மூணு, இது ஆடிட்டரா சொல்றது. ஆபீஸ் காசில் போகும்போது, பாயின்ட்டுக்காக 2,000 ரூபாய் அதிகமான டிக்கெட்டைத் தேர்ந்தெடுக்காதீங்க. அதே நேரம், அதே ரூட், விலை மட்டும் ஒவ்வொரு தடவையும் அதிகம் என்பது டிராவல் பில்லை அடுக்கி வச்சுப் பார்த்தா சட்டுனு கண்ணில் படும். ஆபீஸ் பயணத்தில் வர்ற பாயின்ட் யாருக்குச் சொந்தம்னு உங்க கம்பெனி பாலிசியில் என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சிடுங்க. பெரும்பாலான இடத்தில் ஊழியரே வச்சுக்கலாம். ஆனா ஜெர்மனியில் 2006-லேயே, கம்பெனி கேட்டா அந்த மைல்ஸை கம்பெனிப் பயணத்துக்கே பயன்படுத்தணும்னு தொழிலாளர் நீதிமன்றம் சொல்லியிருக்கு.

ஸ்டேட்டஸால் எல்லாம் நடந்திடாது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானப்போ, கோல்டு மெம்பரும் தரையில்தான் நின்னார். அன்னிக்கு உதவினது பேங்கில் சும்மா கிடந்த அவசரப் பணம். உடனே ரயிலோ வேற விமானமோ எடுக்க முடிஞ்சவங்க ஊர் போய்ச் சேர்ந்தாங்க.

வருமான வரிப் பக்கம்

*எல்.டி.ஏ:* பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அதிலும் பயணத்துக்கு நீங்க உண்மையில் செலவு பண்ணின தொகைதான் கணக்கு. பாயின்ட்டில் டிக்கெட் எடுத்தா, அந்த இலவசப் பகுதிக்கு எல்.டி.ஏ கேட்க முடியாது. அதனால எல்.டி.ஏ கேட்கப் போற பயணத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுங்க, ஹோட்டலுக்கு எல்.டி.ஏ எப்படியும் கிடையாது, அங்கே பாயின்ட்டைப் பயன்படுத்துங்க. நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க.

*நண்பர்கள் செலவை உங்க கார்டில் தேய்க்கிறது:* டார்கெட்டை நிரப்ப ஆபீஸ் நண்பர்களோட போன், டிவி எல்லாத்தையும் நம்ம கார்டில் வாங்கி, அவங்ககிட்ட யு.பி.ஐ-யில் பணம் வாங்குற பழக்கம் இருக்கு. ஒரு வருஷத்தில் கார்டு பில்லா நீங்க கட்டினது 10 லட்சத்தைத் தொட்டா, பேங்க் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். உங்க ஏ.ஐ.எஸ்-லும் தெரியும். சம்பளம் 8 லட்சம், கார்டு பில் 13 லட்சம்னு இருந்தா கேள்வி வர்றது இயல்பு. பதில் சொல்ல ஆதாரம் இருக்கணும். இல்லாத வீட்டு ஓனருக்கு 'வாடகை' அனுப்பி பணத்தைச் சுத்தவிடுற வேலை வேண்டவே வேண்டாம். பாயின்ட்டுக்காகப் பண்ணினது போலி வாடகைக் கணக்கா வந்து நிக்கும்.

*சைடில் ஃப்ரீலான்ஸ் பண்றவங்க:* தொழில் சம்பந்தமா ஒரு கம்பெனி உங்களுக்கு இலவசப் பயணம், ஹோட்டல்னு கொடுத்து, அதோட மதிப்பு வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினா, 2022 ஜூலை முதல் 10 சதவீதம் டி.டி.எஸ் உண்டு. அது வருமானம், ரிட்டர்னில் காட்டணும்.

"உங்கள் பாயின்ட்ஸ் இன்று காலாவதியாகிறது"

இந்த எஸ்.எம்.எஸ் உங்களுக்கும் வந்திருக்கும். "7,980 ரூபாய் மதிப்புள்ள ரிவார்டு பாயின்ட்ஸ் இன்னிக்கு முடியுது, உடனே இந்த லிங்கை அழுத்துங்க." லிங்கில் பேங்க் லோகோ, கார்டு நம்பர் கேட்கும் பக்கம், அப்புறம் ஓ.டி.பி. இன்னும் சிலதில் ஒரு ஆப் ஃபைலையே இறக்கச் சொல்லும். இறக்கினா போனே அவங்க கைக்குப் போயிடும். நம்ம அவசரத்தையும் ஆசையையும் வச்சு நடக்கிற திருட்டு இது. பாயின்ட்டை எப்பவும் பேங்க் ஆப்பை நீங்களே திறந்து மட்டும் பாருங்க. பாயின்ட்டைக் 'கொடுக்க' எந்த பேங்கும் போன் பண்ணி ஓ.டி.பி கேட்காது. பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்சா தயங்காம 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்க.

அப்போ என்னதான் பண்ணலாம்?

1. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ். இது மூணும் இல்லாம பாயின்ட்ஸ் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

2. கார்டு பில்லை முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்க. அது முடியாதுன்னா கார்டையே பயன்படுத்தாதீங்க. இந்த விஷயத்தில் பாதி வழி கிடையாது.

3. எப்படியும் பண்ணப் போற செலவை மட்டும் கார்டில் போடுங்க: மளிகை, கரண்ட் பில், இன்சூரன்ஸ் பிரீமியம், பெட்ரோல். ஆனா எந்தெந்தச் செலவுக்கு உங்க கார்டு பாயின்ட் தராதுன்னு முதலில் பாருங்க. பட்டியல் வருஷா வருஷம் நீளமாகுது.

4. போக வேண்டிய இடத்தை முதலில் முடிவு பண்ணுங்க, பாயின்ட்டை அப்புறம் சேருங்க. ஒரு பயணத்துக்குத் தேவையான அளவு வந்ததும் செலவழிச்சிடுங்க. பேங்க் பாயின்ட்டை ஏர்லைன் மைல்ஸா மாத்துறதுக்கு முன்னாடி, அந்தத் தேதியில் சீட் இருக்கான்னு பாருங்க. ஒரு தடவை மாத்திட்டா பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது.

5. காலாவதி தேதியை போன் காலண்டரில் போடுங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸுக்கு 36 மாசம். மேரியட் பாயின்ட்ஸ், 24 மாசம் எந்த நடவடிக்கையும் இல்லாட்டி போயிடும்.

6. வருடாந்திரக் கட்டணம் வர்ற மாசத்தில், மேலே சொன்ன 24,000 பாயின்ட் கணக்கை உங்க எண்களோடு ஒரு தடவை போடுங்க. நஷ்டம்னா கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேளுங்க. மாட்டேன்னா கார்டை மூடுங்க. விசுவாசம் ரெண்டு பக்கமும் இருக்கணும்.

இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்க. உங்க எல்லா கார்டு, ஏர்லைன், ஹோட்டல் ஆப்பையும் திறந்து, ஒரு பேப்பரில் மூணே மூணு பத்தி எழுதுங்க: எத்தனை பாயின்ட், எப்போ காலாவதி, நிலுவை எவ்வளவு. மூணாவது பத்தியில் பூஜ்ஜியத்தைத் தவிர வேற எண் இருந்தா, முதல் பத்தியில் இருக்கிற பாயின்ட்டை எல்லாம் பில்லில் கழிச்சு அந்த எண்ணைக் குறைங்க. பூஜ்ஜியம்னா, அப்பா அம்மா இதுவரைக்கும் விமானத்தில் போனது இல்லன்னா, அவங்க பேரில் ஒரு டிக்கெட் போடுங்க. எகானமி போதும், ஜன்னலோரமா பார்த்து.